வீடியோவிலா, நேரிலா? தம்பி கேட்டதும் நான் போட்ட கணக்கும்

போன மாதம் சித்தப்பா மகன் ஷார்ஜாவிலிருந்து ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். கூட வேலை பார்த்த ஒருவர் சாரத்திலிருந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன் அவன். ஐந்து மாதமாகிறது. இன்னமும் எங்காவது இரும்புக் குழாய் விழுகிற சத்தம் கேட்டால் கை நடுங்குகிறதாம், இரவில் இரண்டு மணி நேரம் தூங்கினால் அதிகமாம். “அக்கா, நீ ஆன்லைன்ல ஒரு தெரபிஸ்ட்கிட்ட பேசுனியே, அது நிஜமாவே வேலை செஞ்சுதா? இல்ல லீவு போட்டு ஊருக்கு வந்து நேர்ல பார்க்கட்டுமா?” என்று கேட்டிருந்தான்.

ஒரு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. ஏனென்றால் நான் ஒன்றல்ல, நாலு வழியும் போய்ப் பார்த்தவள். அதில் இரண்டில் பணம் வீணானது. அவனுக்கு எழுதியதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன், இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கு உதவும்.

என் கதை சின்னது. திருச்சியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி எங்கள் ஊர், நான் பள்ளி ஆசிரியை. இரண்டரை வருடத்துக்கு முன்னால் திருச்சி ரோட்டில் பாலத்துக்கு முன்னால் ஒரு டிப்பர் லாரி என் ஸ்கூட்டியை உரசிக்கொண்டு போனது. காறை எலும்பு முறிந்தது, ஆறு வாரத்தில் கூடிவிட்டது. எலும்போடு விஷயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும்தான். அதற்கப்புறம் ஹாரன் சத்தம் கேட்டால் நெஞ்சு அடைக்கும், வேர்த்துக் கொட்டும். ஸ்கூட்டியை விட்டேன், பஸ்ஸில் போனேன். பஸ்ஸையும் விட்டு ஆட்டோவில் போனேன். கடைசியில் மெடிக்கல் லீவு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எனக்குப் பள்ளிக்கூட வேன்கூட டிப்பர் லாரியாகத்தான் தெரிந்தது. மாமியார் இரண்டு தடவை மந்திரித்துக் கயிறு கட்டினார். கயிறு கையில் இருந்த வரை அவருக்கு நிம்மதி, அதில் எனக்கொன்றும் வருத்தமில்லை.

வழிகளைச் சொல்வதற்கு முன்னால் யார் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் ஏமாந்தது அங்கேதான். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர், மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார், பேச்சு வழியே முறையாகச் சிகிச்சை தருபவர், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் வைத்திருக்க வேண்டும், அந்த எண்ணைக் கேட்டால் தயங்காமல் சொல்வார். மூன்றாவது ‘கவுன்சிலர்’. இதில் நல்ல படிப்பும் வருடக்கணக்கில் அனுபவமும் உள்ளவர்கள் இருக்கிறார்கள், மூன்று மாதச் சான்றிதழ் வைத்துக்கொண்டு இன்ஸ்டாகிராமில் கடை விரித்தவர்களும் இருக்கிறார்கள், நடைமுறையில் யாரும் தடுப்பதில்லை. நேரில் போனால் சுவரில் மாட்டியிருக்கும் பட்டத்தையாவது பார்க்கலாம். திரையில் ஒரு புத்தக அலமாரியும் ஒரு தொட்டிச் செடியும்தான் தெரியும். ஆகவே ஆன்லைன் என்று முடிவு செய்தால் பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். விபத்து, சாவு, வன்முறை மாதிரி விஷயங்களுக்குத் தனிப் பயிற்சி எடுத்திருக்கிறாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பதட்டத்துக்குப் பார்ப்பவர் எல்லோரும் அதிர்ச்சிக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் அல்ல.

முதலில் போனது அரசு மருத்துவமனை. ஓ.பி. சீட்டு, பெஞ்ச், கூட்டம், எல்லாம் வழக்கம்போல. மருத்துவர் என்னோடு பேசியது ஏழெட்டு நிமிடம் இருக்கும். ஆனால் அந்த ஏழெட்டு நிமிடத்தில் அவர் கேட்டதை அதற்கு முன் எட்டு மாதம் யாரும் கேட்கவில்லை: அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருதா, கெட்ட கனவு உண்டா, அந்தப் பக்கம் போறதையே தவிர்க்கிறீங்களா, சின்னச் சத்தத்துக்குத் தூக்கிப் போடுதா. நாலுக்கும் ஆமாம். ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே நீடித்தால் அதற்குப் பி.டி.எஸ்.டி. என்று பெயர், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல், இது பலவீனமில்லை என்றார். செர்ட்ரலின் எழுதினார், இலவசம், வேலை செய்ய நாலைந்து வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். அதன்படியே ஆனது. காசில்லாமல் சரியான ஒரு பெயரும் சரியான மருந்தும் கிடைப்பது சாதாரண விஷயமில்லை, இந்த வழியைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் கிடையாது. அங்கே கிடைக்காதது வாராவாரம் ஐம்பது நிமிடம் உட்கார்ந்து பேசுவது. அத்தனை கூட்டத்துக்கு அது நடக்கிற காரியமில்லை.

அதனால் இரண்டாவதாகத் திருச்சியில் ஒரு சைக்காலஜிஸ்ட். நல்லவர், கெட்டிக்காரர். ஒரே ஒரு சிக்கல், அவரிடம் போக நான் அடிபட்ட அதே ரோட்டில் ஐம்பது கிலோமீட்டர் போக வேண்டும். முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, இறங்கியதும் பஸ் ஸ்டாண்டில் வாந்தி எடுத்து, அவர் அறைக்குள் போய் உட்கார்ந்தால் முழு நேரமும் அந்தப் பயணத்திலிருந்து என்னைத் தேற்றுவதிலேயே போனது. கட்டணம் ஆயிரம், அதற்கு மேல் பஸ்ஸும் அரை நாள் லீவும். மூன்று தடவையோடு நின்றேன். திருச்சியிலேயே வீடு இருந்திருந்தால் அவரிடம்தான் தொடர்ந்திருப்பேன் என்று இப்போதும் தோன்றும். நேரில் பார்ப்பதன் பலன் உண்மையானது: வாயால் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் என் வலது கால் ஆடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வழியைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன், அது ஒரு ஆப். மாதச் சந்தா, எப்போது வேண்டுமானாலும் சாட் பண்ணலாம் என்றார்கள். ஒரு மாதத்தில் மூன்று பேர் மாறினார்கள், மூன்று பேரிடமும் விபத்தை முதலிலிருந்து சொன்னேன், மூன்று பேரும் ‘உங்கள் வலி புரிகிறது’ என்று ஒரே மாதிரி எழுதினார்கள். அதிர்ச்சியைத் திரும்பத் திரும்பக் கிளறிவிட்டு அப்படியே விட்டுவிட்டுப் போவது உதவி இல்லை, உபத்திரவம். லேசான பதட்டத்துக்கு, பரீட்சை பயத்துக்கு, இதெல்லாம் போதுமாக இருக்கலாம். இன்னொன்று, நீங்கள் எழுதுவது எங்கே போகிறது என்பது. ஆன்லைன் சிகிச்சையில் உலகிலேயே பெரிய பெயர்களில் ஒன்றான பெட்டர்ஹெல்ப், பயனர்களின் தகவலை ஃபேஸ்புக் போன்ற இடங்களுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-ல் குற்றம் சாட்டி, 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. பின்லாந்தில் வாஸ்தாமோ என்ற நிறுவனத்தில் நோயாளிகள் மனம்விட்டுச் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருந்த குறிப்புகள் திருடுபோய், 2020-ல் அந்த நோயாளிகளிடமே ஆளாளுக்குப் பணம் கேட்டு மிரட்டல் போனது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எது பதிவாகிறது, யார் வைத்திருப்பார்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். நம் நாட்டில் 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்குத் தந்திருக்கிறது.

நாலாவதாகத்தான் வீடியோ. கோயம்புத்தூர்க்காரர், பதிவு பெற்ற சைக்காலஜிஸ்ட், தமிழில் பேசுவார், 50 நிமிடம், 1,200 ரூபாய். முதல் நாள் அவர் செய்த காரியத்தை வைத்தே இவர் சரியான ஆள் என்று முடிவு கட்டினேன்: இப்போது எந்த முகவரியில் இருக்கிறீர்கள், அவசரமானால் பக்கத்தில் யாரைக் கூப்பிடுவது, நடுவில் லைன் கட்டானால் யார் யாருக்குத் திரும்பப் போன் பண்ணுவது என்று மூன்றையும் எழுதிக்கொண்ட பிறகுதான் ‘சரி, சொல்லுங்க’ என்றார். இந்த மூன்றையும் கேட்காத ஆன்லைன் ஆளிடம் போகாதீர்கள்.

தமிழ் என்றது சும்மா இல்லை. ஆப்பில் நான் ஆங்கிலத்தில்தான் எழுதினேன், நன்றாகவே எழுதினேன், பாடம் நடத்துகிற மாதிரி. இவரிடம் “அந்தப் பாலம் வந்தா ஒரு மாதிரி வயித்தப் பிசையுது” என்றேன், “எந்த இடத்துல பிசையுது, கை வச்சுக் காட்டுங்க” என்றார். அங்கேதான் வேலை ஆரம்பித்தது. திருச்சிக்காரரும் தமிழ்தான், ஆனால் ஆன்லைனில் ஊர் எல்லை இல்லாததால் மொழியும் பயிற்சியும் ஒன்றாக அமைந்த ஆளைத் தேட முடிகிறது. சின்ன ஊரில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய லாபம்.

எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டித் தீர்த்துவிட வேண்டும் என்று வந்திருந்தேன். அவர் விடவில்லை. முதல் மூன்று வாரம் விபத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, மூச்சு, தரையில் கால் பதித்து உட்கார்வது, அறையில் தெரிகிற ஐந்து பொருளைச் சொல்வது, தூக்கம். அதிர்ச்சி அடைந்தவரை உட்காரவைத்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்ல வைப்பது பயன் தராது என்று உலக அளவிலான வழிகாட்டு நெறிமுறைகள் சொல்கின்றன என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்தவற்றில் இரண்டு: அதிர்ச்சியை மையமாக வைத்த சி.பி.டி., அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை, இன்னொன்று கண்ணசைவை வைத்துச் செய்யும் ஈ.எம்.டி.ஆர். இரண்டாவதை வீடியோவில் எப்படிச் செய்வது என்று சந்தேகப்பட்டேன். கண்ணசைவுக்குப் பதிலாகக் கைகளை மார்பின் மேல் குறுக்கே வைத்து, இடம் வலம் என்று மாற்றி மாற்றி நாமே தட்டிக்கொள்ளலாமாம். 1997-ல் மெக்சிகோவின் அகபுல்கோவைப் புயல் அடித்துப் போட்ட பிறகு அங்கே பிழைத்தவர்களோடு வேலை செய்தபோது உருவான முறை, பெயர் பட்டாம்பூச்சி அணைப்பு. முதல் தடவை சிரித்துவிட்டேன். மூன்றாவது தடவை அழுதேன்.

திரை வழியே செய்தால் மட்டமா என்ற கேள்விக்கு ஆராய்ச்சி சொல்லும் பதில் பெரும்பாலும் ‘இல்லை’தான். போர்முனையிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களிடம், இதே பி.டி.எஸ்.டி.க்கு, நேரில் ஒரு குழுவுக்கும் வீடியோவில் ஒரு குழுவுக்கும் ஒரே சிகிச்சையைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வீடியோக் குழு பின்தங்கவில்லை. ஆனால் அந்தப் படைவீரர் வீட்டில் ஒரு தனி அறை இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் என் பிரச்சினை தெரபிஸ்ட் இல்லை, கதவு. எங்கள் வீட்டில் ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஹாலில் மாமியாரும் டி.வி.யும். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் மருமகள் யாரோடோ மெதுவாகப் பேசுகிறாள் என்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது வாரம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தேன், பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட வந்தார். மூன்றாவது வாரத்திலிருந்து கொழுந்தனின் பழைய காரை வேப்பமரத்தடியில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதற்குள். மே மாதம் அந்தக் காருக்குள் ஐம்பது நிமிடம் இருந்து பாருங்கள். ஆனாலும் அதுதான் எனக்குக் கிடைத்த கதவு. நேரில் போனால் அவர்கள் கதவைச் சாத்திக் கொடுக்கிறார்கள், ஆன்லைனில் கதவை நாம்தான் கொண்டுவர வேண்டும். கட்டணத்தை ஒப்பிடும்போது யாரும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கதவோடு சேர்ந்த இன்னொன்று, முடிந்த பிறகான நேரம். திருச்சிக்குப் போனால் திரும்பி வர ஒன்றரை மணி நேரம், மனசு மெதுவாக இறங்கும். வீடியோ முடிந்தால் இரண்டாவது நிமிடம் “இன்னைக்கு சாம்பாரா, ரசமா?” இப்போதுதான் டிப்பரின் சக்கரத்தைப் பற்றிப் பேசி முடித்திருக்கிறேன், ரசம் என்று சொல்ல வாய் வரவில்லை. அதைச் சொன்னதும், முடிந்த பிறகு பதினைந்து நிமிடம் காரிலேயே உட்கார்ந்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று தெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கால் ஆடுகிற கதைக்கும் அவரிடம் வழி இருந்தது. போனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், எனக்கு முழு ஆளும் தெரிய வேண்டும் என்றார். முகத்தை மட்டும் காட்டினால் பேரன்ட்ஸ் மீட்டிங் சிரிப்பைக் காட்டி யாரையும் ஏமாற்றிவிடுவேன் என்று கண்டுபிடித்துவிட்டார்.

இனி சொல்வதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. ஒன்பதாவது வாரத்தில் எல்லாம் சுகமாக இருந்தது. தூக்கம் வந்தது, கனவு குறைந்தது, வாராவாரம் பேசினேன். ரோட்டுக்கு மட்டும் போகவில்லை. ரோட்டுக்குப் பயந்தவளுக்கு வீட்டை விட்டு நகராமல் சிகிச்சை கிடைத்தால் அது மருந்தா, ஒளிந்துகொள்ள இடமா? இதை நான் கேட்கவில்லை, அவர்தான் கேட்டார். அடுத்த வாரம் காரில் உட்கார வேண்டாம், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் நில்லுங்கள், நான் லைனில் இருக்கிறேன் என்றார். நின்றேன். அதற்கடுத்த வாரம் இரண்டு ஸ்டாப் பஸ்ஸில். பதினான்காவது வாரம் அந்தப் பாலத்தில் நடந்தேன், கோயம்புத்தூரில் இருக்கிற ஒரு மனுஷி என் காதுக்குள் “அந்தப் பக்கம் லாரி வருதா? எத்தனை வருது, எண்ணுங்க” என்று சொல்லிக்கொண்டு கூடவே வந்தார். கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் எந்த டாக்டரும் அந்தப் பாலத்துக்கு என்னோடு வந்திருக்க மாட்டார். ஆக ஒளிந்துகொள்ள வைத்ததும் போன்தான், வெளியே இழுத்துக்கொண்டு வந்ததும் அதே போன்தான். வித்தியாசம், அந்தப் பக்கம் இருந்த ஆள். ஆறேழு வாரம் தாண்டியும் ‘இந்த வாரம் எப்படி இருந்தது’ என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கிற தெரபிஸ்டிடம், நாம் எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

பணக் கணக்கு. வீடியோவில் பதினாறு தடவை, 19,200 ரூபாய். ஏழாவது தடவையிலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தள்ளி வைக்கச் சொல்லி நான் கேட்டேன், ரோட்டு வேலை முடியும் வரை வேண்டாம் என்று மறுத்துவிட்டார், கோபம் வந்தது, இப்போது இல்லை. இன்ஷூரன்ஸ் கைகொடுக்கவில்லை. உடல் நோய்க்குச் சமமாக மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது, ஆனால் என் பாலிசியில் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம், வெளிநோயாளிக்கு உடம்புக்கும் கிடையாது மனசுக்கும் கிடையாது, அந்த வகையில் சமம்தான். பலன் வந்ததா என்றால், பதட்டத்தை அளக்க ஜி.ஏ.டி-7 என்று ஏழே கேள்வி, 21 மதிப்பெண், முதல் நாள் எனக்கு 16, கடைசியில் 6. மதிப்பெண் வாங்கக் கூடாத ஒரே பரீட்சை. ஸ்கூட்டியை இன்னும் எடுக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருகிறேன்.

ஆன்லைன் கூடவே கூடாத இடங்களும் உண்டு. வீட்டுக்குள்ளேயே அடிக்கிற ஆள் இருந்தால், அவர் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்து வீடியோவில் பேசுவது ஆபத்து. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால், யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்டால், குடியை நிறுத்தியதும் உடம்பு நடுங்கினால், நேராக மருத்துவமனை. அந்த நேரத்தில் தெரபிஸ்ட் தேடி ஒப்பீடு செய்துகொண்டிருக்காதீர்கள். இந்தியாவுக்குள் இருப்பவர்கள் 14416-ஐக் கூப்பிடலாம், டெலிமானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் 1986-லிருந்து சினேகா என்ற அமைப்பு இருக்கிறது, தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களுக்குக் காது கொடுக்கவே தொடங்கப்பட்டது. இரண்டும் வாராவார சிகிச்சைக்கு மாற்று இல்லை. அதற்கும் முந்தைய கதவு.

சரி, தம்பிக்கு வருவோம். லீவு போட்டு ஊருக்கு வருவது வேண்டாம் என்றேன். ஒரு மாத லீவில் நாலு தடவை பார்க்கலாம், இந்த வேலைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவையாவது வேண்டும், பாதியில் கிளறிவிட்டு விமானம் ஏறுவது ஆப் கதையாகத்தான் முடியும். தவிர அவனைப் பயமுறுத்தும் சத்தம் ஊரில் இல்லை, அங்கேதான் இருக்கிறது. அங்கேயே நேரில் பார்ப்பது என்றால் தமிழ் தெரிந்த ஆள் கிடைக்க வேண்டும், அவன் சம்பளத்துக்குக் கட்டுப்படியாக வேண்டும், இரண்டையும் விசாரித்துவிட்டுக் கைவிரித்தான். ஆகவே தமிழில், வீடியோவில், இங்கிருந்து. தூக்கத்துக்கு மட்டும் அங்கேயே ஒரு டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். இங்கே எழுதும் சீட்டை வைத்து அங்கே மருந்து வாங்க முடியாது, யாரிடமாவது மாத்திரை கொடுத்தனுப்புகிறேன் என்று சித்தி ஆரம்பித்ததைக் கையோடு நிறுத்தினேன். மனநல மருந்துகள் பலவற்றுக்கு அந்த நாட்டில் முன் அனுமதி வேண்டும், இல்லாமல் கொண்டுபோனால் கொண்டுபோனவர் மாட்டிக்கொள்வார்.

அங்கே வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போகாது, அதனால் வேறு எதில் பேசுவது என்று முன்னாடியே தெரபிஸ்டிடம் கேட்டுச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது அதே பழைய கதவு. அறையில் ஆறு பேர். அவசரத்துக்கு யார் எண்ணைக் கொடுப்பது என்ற கேள்வியும் இருந்தது, ஏனென்றால் கோயம்புத்தூரிலிருந்து ஷார்ஜாவுக்கு யாரையும் ஓடச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே ஆள் கைகொடுத்தார். பக்கத்துக் கட்டில் வவுனியாக்காரர், தம்பி இரவில் எழுந்து உட்காருவதை ஐந்து மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், இதுக்கு எங்கட ஊரில மனவடு எண்டு சொல்லுவம், வெக்கப்பட ஒண்டுமில்லை என்றாராம். நாங்கள் கவுன்சிலிங் என்பதை அவர்கள் உளவளத்துணை என்கிறார்கள், போருக்கு நடுவில் புழங்கிய சொற்கள். தன் எண்ணை எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, கம்பெனி பிக்கப்பின் சாவியையும் அவரே வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நமக்கு நாலு மணி, அவனுக்கு இரண்டரை. அந்த வெயிலில் வண்டியை நிழலில் நிறுத்து, ஏசியைப் போட்டுக்கொள், முடிந்ததும் பதினைந்து நிமிடம் இறங்காதே என்று மட்டும் செய்தி அனுப்பினேன்.